ஒரு பெயருக்கு எழுந்து நின்ற இருவர்

“தங்காயி” என்று கூப்பிட்டேன். இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்.

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம், மிளகு காயவைக்கும் சிமெண்ட் களம் அது. மிளகை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மீதி இடத்தில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் மேலாளர் ஜெபராஜ். காற்று திசை மாறும்போதெல்லாம் மிளகுத் தூசி எங்கள் மேல் வந்தது. கூட்டத்தில் எப்போதும் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார்.

எழுந்தவர்களில் ஒருவர் நாற்பதைத் தாண்டியவர். மற்றவர் நன்றாக இளையவர். இளையவர் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். மூத்தவர் அவர் தோளைத் தட்டி மறுபடியும் எழுப்பினார்.

“யாரும்மா தங்காயி?” என்றேன்.

“நாந்தானுங்க” என்றார் மூத்தவர்.

“அப்படியானால் இவங்க?”

“இவளும் நாந்தானுங்க.”

பின்வரிசையில் சிரித்தார்கள். ஜெபராஜ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்தப் பெயரைக் கூப்பிட்டது சின்னக் காரியத்துக்காக அல்ல. மிளகைத் தரம் பிரிக்கும் புது மெஷின் ஒன்று களத்துக்கு வரவிருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். போய்வருபவர் ஆபரேட்டர். சீசனுக்கு மட்டும் வந்துபோகிற ஆள், வருஷம் முழுவதும் நிரந்தர வேலையில் இருப்பார். பணிமூப்பில் முதல் பெயர் தங்காயி. பணிமூப்பில் முதல் பெயருக்கே பயிற்சி என்ற விதியை எழுதியவன் நான்.

யார் மூத்தவர்?

நான் வேலை பார்த்ததெல்லாம் நூற்பாலைகளின் பணியாளர் துறையில் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். வேலை ஒப்பந்தங்களை எழுதுவதுதான் என் தொழில். அவற்றில் எனக்குப் பிடித்த பகுதி பணிமூப்பு. ஆலையில் எல்லோரும் சீனியாரிட்டி என்றுதான் சொல்வார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே வரி. முதலில் வந்தவருக்கு முதல் உரிமை. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் வந்தவர் முதலில் போவார். ஆனால் போனஸ் பேச்சில்கூடக் குரலை உயர்த்தாத மனிதர்கள், தங்கள் பெயர் ஓர் எண் கீழே இறங்கிவிட்டது என்றால் என் மேஜையைத் தட்டுவார்கள். அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? பணியிலிருந்த காலமெல்லாம் எனக்கு இந்த யோசனை உண்டு.

ஒரு முறை இரண்டு பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். விதிப்படி வயதில் பெரியவர் மூத்தவர். பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே பிறந்த தேதி. அந்த ஊர்த் தலைமை ஆசிரியர் பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே தேதியைப் போட்டிருக்கிறார். ஒருவர் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். மற்றவர் தன் அம்மாவையே அழைத்து வந்துவிட்டார்.

“பெத்தவ நான் சொல்றேனுங்க” என்றார் அந்த அம்மா, என் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு. “இந்த முனியப்பன் அவங்கம்மா வயித்துல இருக்கறப்ப எம்மவன் எங்கூட்டு வாசல்ல தவந்துட்டிருந்தான். வேணும்னா முனியப்பனோட அம்மாவையுங் கூட்டியாரேன். அவ வாயால கேட்டுக்கங்க.”

நான் அம்மாவை ஏற்றுக்கொண்டேன். ஜாதகத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று குறிப்பு எழுதினேன். எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குறிப்பு நினைவிருக்கிறது என்றால் எவ்வளவு மெச்சிக்கொண்டிருப்பேன் என்று பாருங்கள்.

பயிற்சி என்று வந்தால் சிக்கல் இன்னும் கூடும். நிர்வாகம் இளைஞரைக் கேட்கும்: சீக்கிரம் கற்பார், நீண்ட நாள் உழைப்பார். சங்கம் மூத்தவரைக் கேட்கும்: பழைய மெஷினோடு இத்தனை காலம் மல்லுக்கட்டியவருக்குப் புதியது வரும்போது இடம் இல்லையா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் வழக்கமாக எழுதுவது, அடிப்படைத் தகுதி இருந்தால் போதும், மூத்தவருக்கே பயிற்சி என்பது. தொழிலாளிக்குச் சாதகமான வரி அது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்த வரிக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. வருஷங்களும் அனுபவமும் ஒரே உடம்பில் சேருகின்றன என்பது அது. அனுமானம் என்றே எனக்குத் தெரியாத அளவுக்கு அது எனக்குப் பழகியிருந்தது.

மலைக்கு ஏறிய விதி

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது தெரிந்தவர் ஒருவர் அழைத்தார். கொல்லிமலையில் விளையும் மிளகையும் காப்பியையும் அங்கேயே சுத்தம் செய்து கீழே அனுப்பும் ஒரு சின்ன நிறுவனம். அதன் நிர்வாகக் குழுவில் அவர் இருந்தார். வேலைக்கு வரும் பெண்களுக்கு முறையான ஒப்பந்தம் இல்லை, எழுதித் தர வேண்டும் என்றார்.

ஆலைக்கு எழுதியதை எடுத்து ஆலை என்ற இடத்தில் களம் என்று மாற்றினேன். வேறு சில வார்த்தைகளையும் மாற்றினேன். பிறகு மலைக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பெண்கள் கூலிக்கு மட்டும் வாழ்பவர்கள் அல்ல. எல்லோருக்கும் சொந்தக் காடு உண்டு. கொஞ்சம் சாமை, மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. தங்கள் மிளகைப் பறிக்கிற காலத்தில்தான் களத்திலும் வேலை அதிகம். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் இதற்கும் என் ஒப்பந்தத்துக்கும் தொடர்பு இருப்பதாக யோசிக்கவில்லை.

வாசித்து முடிப்பதற்குள் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. ஜீப் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். “அடிவாரம் காரவள்ளி போறதுக்குள்ள ரோடு தெரியாமப் போயிருமுங்க” என்று கத்தினான். நான் காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

“ஏனுங்க, ஒருநாளைக்கு நம்மளால வர முடியலீன்னா ஊட்ல இருந்து வேற ஆளு வரலாங்களா? சர்வீசு அத்துப் போயிருங்களா?”

“யார் வந்தா என்னம்மா, வேலை நடந்தாச் சரி” என்றேன்.

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். ஆலை வாசலில் நின்று யாராவது அதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருபோதும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மலையில் அது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கோ, அன்று நான் சொன்னவற்றில் மிக முக்கியமானது அதுதான்.

களத்தில் ஒரு விசாரணை

இப்போது அந்த இரண்டு பெண்களிடம் வருகிறேன். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து சில சீசன்கள் ஆகியிருந்தன. மேலாளர் மாறி ஜெபராஜ் வந்திருந்தார். அரசுத் துறையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நேர்மையான மனிதர். களத்தின் வழக்கங்கள் அவருக்கு அப்போது தெரியாது. பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற நாள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார். நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இது ஆள்மாறாட்டம்லா சார்?” என்றார் ஜெபராஜ் என்னிடம் மெதுவாக.

தங்காயி மறைக்கவே இல்லை. இளையவர் பெயர் செல்லம். தங்காயியின் கணவருடைய தம்பி மனைவி. ஒரே வீடு, ஒரே சமையல்.

“மாத்தி மாத்தி வாரோமுங்க” என்றார் தங்காயி. “நான் காட்டுக்குப் போனா இவ இங்க. இவ கொழந்தையப் பாத்தா நான் இங்க. எங்கெடம் ஒருநாளுஞ் சும்மா கெடந்ததில்லீங்க.”

“அப்புறம் இன்னிக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பேரும் வந்தீங்க?” என்று கேட்டார் ஜெபராஜ்.

“மெசினுக்குப் பேரு கூப்படறாங்கன்னாங்க” என்றார் செல்லம். “எங்க பேரக் கூப்படறத ரெண்டு பேருங் கேக்கோணும்னு ஆசையா இருந்துச்சுங்க.”

குழுவிலிருந்து ஒருவர், “ஒப்பந்தம் எழுதின சாரே இருக்காரே, அவரையே கேட்டுக்கலாம்” என்றார்.

அப்போது தங்காயி என் பக்கம் திரும்பினார். முகத்தில் எந்தப் பயமும் இல்லை. “யாரு வந்தா என்ன, வேலை நடந்தாச் சரின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

அப்போதுதான் கேள்வி கேட்ட பெண் இவர் என்று அடையாளம் கண்டேன். நான் சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருந்தது.

“நான் அப்படிச் சொல்லவில்லை” என்றேன்.

ஏன் சொன்னேன்? பெஞ்சில் இருந்த இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவால் பூட்டியதை வாயால் திறந்துவிட்ட கிழவன் என்று அவர்கள் நினைப்பார்களே என்ற கூச்சம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருந்ததா என்று பல நாள் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

தங்காயி கூட்டத்தைப் பார்த்தார். “நீங்கெல்லாங் கேட்டீங்கல்ல? சொல்லுங்க.”

யாரும் பேசவில்லை. பணிமூப்பில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ராசாத்தி என்ற பெண், தார்ப்பாயில் இருந்த ஓட்டையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

நான் முடிவு சொன்னேன். ஒருவர் பெயரில் இருவர் வந்ததால் அது யாருடைய தொடர் பணியும் ஆகாது. பழைய பணிமூப்பு செல்லாது. பயிற்சிக்கு ராசாத்தி போவார். இரண்டு பேரில் ஒருவர் மட்டும் புது ஆளாகத் தொடரலாம். யார் என்பதை நீங்களே பேசிச் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.

கடைசி வாக்கியத்தை ஒரு சலுகை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அன்னாசிப் பழம்

அடுத்த சீசன் பாதியில் ஜெபராஜ் போன் செய்தார்.

“சார், ஆளே வர மாட்டேங்காங்க. முந்தி ஒரு இடம் காலியா இருக்காது. இப்ப அவங்கவங்க காட்டுல பறிப்புன்னா களம் வெறிச்சுன்னு கெடக்கு. ராசாத்தி லீவு போட்டா மெஷினும் லீவு. ஏதாவது ஒரு விதி எழுதிக் குடுங்க சார்.”

புறப்பட்டேன். பஸ்ஸிலிருந்து வாசலூர்பட்டியில் இறங்கி ஜீப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. படகுத் துறைப் பக்கம் நடந்தேன். சுற்றுலா வந்தவர்கள் ஏரியில் பெடலை மிதித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு பெண் அன்னாசிப் பழத்தை நீளத் துண்டுகளாக வெட்டி மிளகாய்த்தூளும் உப்பும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் புளித்த இனிப்பு வாசனைக்கு நானும் போய் நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னையத் தெரியுதுங்களா? நாந்தானுங்க தங்காயி.”

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. “செல்லம்தானே?” என்றேன்.

“அந்தப் பேரு உங்க லிஸ்ட்ல இல்லீங்களே” என்றார். கத்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “தின்னுங்க. மலைப் பழம், தேனாட்டம் இருக்கும்.”

“வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?”

“பாகம் பிரிஞ்சாச்சுங்க.”

நான் கேட்காமலே சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவள்தான் போக வேண்டும் என்று தங்காயியின் கணவர் சொல்ல, போன சீசனில் அதிக நாள் போனது யார் என்று அவர் தம்பி கேட்க, பேச்சு வேலையை விட்டு மிளகுக் கொடிக்குப் போய், கொடியிலிருந்து பழைய கல்யாணச் செலவுக்குப் போய், பொழுது விடிவதற்குள் இரண்டு அடுப்பாகிவிட்டது. களத்தில் தங்காயி வரிசையில் கடைசி ஆளாகத் தொடர்ந்தார். செல்லம் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். வழியில் எதிரே பார்த்தால்கூடப் பேச்சு இல்லை.

“அதுவரைக்கும் அது யாரோட வேலைன்னு எங்கூட்ல ஒருத்தருங் கேட்டதில்லீங்க” என்றார் செல்லம். “நீங்கதான் மொதல்ல கேட்டீங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத் தெரியட்டும் என்று சொன்னது போல இருந்தது.

“நாளைக்குக் களத்துக்கு வர முடியுமா?” என்று கேட்டேன்.

“எந்தப் பேருல வரட்டுங்க?”

“உங்கள் பெயரில்” என்றேன்.

ஊடு வந்துருச்சுங்க

ஜீப்பில் போகும் வழியில் கோயிலுக்குப் போகிற பாதையை ஊர்க்காரர்கள் சீர் செய்துகொண்டிருந்தார்கள். மண்வெட்டியும் கூடையுமாக ஆண்களும் பெண்களும். ஜீப் போக வழி விடும்வரை நாங்கள் நின்றோம். ஒரு பெரியவர் பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வெள்ளையன் ஊடு வந்துருச்சா?”

வளைந்த முதுகுள்ள ஒரு கிழவர் கையைத் தூக்கி, “வந்துருச்சு” என்றார்.

“மாரி ஊடு?”

புதுத் தாலி மின்ன ஒரு பெண், “வந்துருச்சுங்க” என்றார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. டிரைவரைக் கேட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்பது இங்கே பொது வேலையில் வழக்கம் என்றான். கிழவரானாலும் நேற்று வந்த மருமகளானாலும் கணக்கில் ஒன்றுதான். வந்தது ஆள் அல்ல, வீடு.

“ஒரு வீடு எப்போதும் கிழவரையே அனுப்பினால்?”

“அனுப்ப மாட்டாங்க. அனுப்புனா அந்த ஊட்டுக்காரன எல்லாருஞ் சேந்து கிண்டல் பண்ணியே கொன்னுருவாங்க. அடுத்த தடவ அவனே ஓடியாருவான்.”

நான் எழுதிய எந்த ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு தண்டனைப் பிரிவு இல்லை. சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன்: “களத்திலும் இப்படித்தானா?”

டிரைவர் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “முந்தி எல்லா ஊடும் அப்பிடித்தானுங்க. ராசாத்தியக்காவுக்குப் பதுலா அவங்க நாத்தனா வரும். தங்காயக்கா ஊட்ல அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்து மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்பறம் பயந்துட்டு யாரும் ஆளு மாத்தி அனுப்பறதில்லீங்க.”

ஜீப் நகர்ந்தது. என் மனதில் பழைய கேள்வி புது உருவில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் ஓர் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால், சேர்ந்த வருஷங்கள் யாருடையவை? ஆளுக்குப் பாதியா? அல்லது இருவருக்கும் முழுதாகவா? களத்தில் அன்று நடந்ததை ராத்திரிச் சோற்றோடு ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லியிருப்பாள். அப்படியானால் வராத நாளின் அனுபவமும் வந்தவளோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை எண்ணிப் பார்க்க என்னிடம் அளவுகோலே இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

ஒரே எண்ணில்

மறுநாள் அதே களம். செல்லம் வந்தார். தார்ப்பாயின் ஒரு கோடியில் தங்காயி, மறு கோடியில் அவர். குழுவில் அதே இரண்டு பேர்.

நான் எழுந்து நின்றேன். “அன்றைக்குத் தங்காயி சொன்னது உண்மை. யார் வந்தாலும் வேலை நடந்தால் சரி என்று நான்தான் சொன்னேன். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் இவர்கள் பணிமூப்பு போயிற்று. தவறு என்னுடையது.”

யாரோ தும்மினார்கள். ராசாத்திதான் முதலில் பேசினார்.

“அது எங்களுக்கெல்லாந் தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியுமான்னுதாந் தெரியாம இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தி, தங்காயியைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்குந் தெரியும். வாயத் தொறந்தா மெசினு கை விட்டுப் போயிரும்னு கம்முனு இருந்துட்டேன்.”

“இப்பவாச்சும் வாயி தொறந்துதே” என்றார் தங்காயி.

புது விதியைப் படித்தேன். ஓர் இடத்துக்கு இரண்டு பெயர்கள் பதிவு செய்யலாம். யார் வந்தாலும் பணி அந்த இடத்துக்குச் சேரும். பணிமூப்பு இருவருக்கும் பொது. தங்காயி, செல்லம் இருவருக்கும் பழைய வருஷங்கள் திரும்பக் கிடைக்கும்; வரிசையில் மறுபடியும் முதல் எண். குழுவினர் அதிகம் பேசவில்லை. காலிக் களத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

மூத்தவர் இளையவர் என்று எத்தனையோ பேரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரே எண்ணுக்கு எதிரே இரண்டு பெயர்களை எழுதியது அதுதான் முதல் தடவை.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஜெபராஜ் தொண்டையைச் செருமினார்.

“இன்னொண்ணு. மெஷினுக்கு ரெண்டாவதா ஒரு ஆபரேட்டர் வேணும். ராசாத்தி லீவுன்னா நிக்குதுல்லா. முதல் எண்ணு இவங்கதான். ஆனா கோயம்புத்தூர்ல ஒரு ஆளுக்குத்தான் சீட்டு. யாரு போறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வீடு போக முடியாது. பஸ் ஏறிப் போய், மெஷின் முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும். மலையின் வழக்கம் இந்த இடத்தில் உதவாது. என் ஆலை விதியும் உதவாது.

“தெரியவில்லை” என்றேன்.

தங்காயி ஜெபராஜைப் பார்த்துச் சொன்னார்: “இந்தக் களத்துல மொதக் கூடை கொட்டுனவ யாருன்னு கேளுங்க சார்.”

செல்லமும் ஜெபராஜிடமே சொன்னார்: “மழைல நனைஞ்சுட்டு வந்தவ யாருன்னுங் கேளுங்க சார்.”

“அவ மழைல வந்தப்ப அவ பையன் காய்ச்சல்ல கெடந்தான். தோள்ல போட்டுட்டு ராவெல்லாம் நடந்தது யாருன்னு கேளுங்க.”

“அவங்க முட்டி வீங்கிக் கெடந்தப்ப எண்ணெ காச்சித் தேச்சு உட்டது யாருன்னு கேளுங்க.”

“தேச்சுதான் உட்டா. தேச்சத ஊரெல்லாஞ் சொல்லியும் உட்டா.”

“நான் யார்ட்ட எதைன்னு கேக்க?” என்றார் ஜெபராஜ் பரிதாபமாக.

“அந்தச் சாரு பாவம், விட்டுருங்க” என்றார் ராசாத்தி. “மூஞ்சிக்கு மூஞ்சி பேசுங்களே. கடிச்சா தின்னுருவாங்க?”

களம் சிரித்தது. அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தங்காயி தன் கால் பக்கம் சிதறிக் கிடந்த மிளகைக் கையால் கூட்டி ஒதுக்கினார். பிறகு தார்ப்பாயின் மறு கோடிக்குத் திரும்பினார்.

“நீ போ.”

செல்லம் நம்பவில்லை. “ஏனாம்?”

“பஸ்ஸுல அத்தன வளைவு எறங்குனா எனக்குக் கொடலே வெளிய வந்துரும். உனக்கு ஒண்ணும் ஆகாது, நீ கல்லு வயிறு.” மறுபடியும் சிரிப்பு. தங்காயி விரலை நீட்டினார். “ஆனா கேட்டுக்க. போறது நீ. மெசினு வேலை ஊட்டோடது. கத்துட்டு வந்து எனக்குக் காட்டித் தரோணும்.”

“எந்த ஊட்டோடது, அக்கா?” என்றார் செல்லம்.

சிரிப்பு நின்றது. அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். இரண்டு அடுப்பு எரிகிறது. இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் பேசியிருந்தார்கள். ஜெபராஜ் என் பக்கம் பார்த்தார். நான் கையிலிருந்த பேனாவை மூடினேன். வருஷங்களைத் திருப்பித் தர எனக்கு ஒரு வரி கிடைத்தது. வீட்டைத் திருப்பித் தர எந்த வரியும் இல்லை.

தங்காயி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மிளகை உதறினார்.

“போயிட்டு வா மொதல்ல” என்றார். “அந்தச் சண்டைய வந்தப்பறம் வெச்சுக்கலாம்.”